பரமும் ப⁴ரமும்: வ்யாக்யானப் பதிப்புகளில் எழுத்துருத் தேர்வு

'பரம்' என்று தமிழெழுத்தில் எழுதினால், அது இரண்டு வடமொழிச் சொற்களுக்குப் பொதுவாய் நிற்கும். ஒன்று, மேலானது என்னும் பொருளுடைய பரம். மற்றொன்று, சுமை என்னும் பொருளுடைய ப⁴ரம். பரத்வம், பரவாஸுதேவன் என்னுமிடங்களில் வருவது முதற்சொல். ப⁴ரந்யாஸம், ப⁴ரஸமர்ப்பணம் என்னுமிடங்களில் வருவது இரண்டாவது சொல். ஆத்மாவைக் காக்கும் பொறுப்பாகிய சுமையை எம்பெருமான் திருவடிகளிலே வைத்துவிடுகை ப⁴ரந்யாஸம். இதனை எண்குறி இன்றிப் 'பரந்யாஸம்' என்று அச்சிட்டால், காலக்ஷேபம் கேளாத வாசகர் 'பரனிடத்தில் வைத்தல்' என்று பொருள் கொள்ளக்கூடும். பொருள் அடியோடு பொருந்தாமற்போனால் அவரே ஐயுற்றுப் பெரியோரைக் கேட்பர். இங்கோ ஒருவாறு பொருந்தியே நிற்பதால் பிழை பிழையாகத் தோன்றாது. சுமை என்னும் கருத்து மட்டும் ஓசையின்றி நழுவிப்போம்.

'உபாயத்தின் பலம்' என்னும் தொடரும் அத்தகையதே. ப³லம் என்றால் வலிமை; ப²லம் என்றால் பயன். இரண்டும் அவ்விடத்தில் பொருள் தரும். 'ஆதி' என்பது ஆதி³யாகில் தொடக்கம், ஆதி⁴யாகில் மனத்துயர். பாமர வழக்கில் 'அர்த்தம்' என்று எழுதப்படுவது அர்த²மாகில் பொருள், அர்த⁴மாகில் பாதி. இவற்றைப் பிரித்தறிவிக்கும் அடையாளங்கள் கைப்பிரதியில் சரியாக இருந்தும், கணினியில் ஏற்றி அச்சுக்கு அனுப்பும் வழியில் உதிர்ந்துபோவதை இக்காலப் பதிப்புகள் பலவற்றில் காண்கிறோம். பதிப்பாசிரியர் வித்வானாகவே இருப்பார். மெய்ப்பும் மும்முறை திருத்தியிருப்பார். ஆயினும் எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது அச்சுக்கூடத்தார் வேலை என்று விட்டிருப்பார்.

அது பதிப்பாசிரியரே செய்ய வேண்டிய கார்யம் என்பதே இக்கட்டுரையின் ப்ரமேயம். எழுத்துக்கும் எழுத்துருவுக்கும் உள்ள பேதத்தை முதலில் சொல்லி, நம் க்ரந்தங்களுக்கு வேண்டிய அடையாளங்களையும், எழுத்துருவைப் பரீக்ஷிக்கும் முறையையும், மென்பொருள்களில் கையாளும் முறையையும் பிறகு சொல்லி, சில சங்கைகளுக்கு ஸமாதாநம் கூறி முடிப்போம்.

1. எழுத்தும் எழுத்துருவும்

நம் இலக்கண நூலோர் ஒலிவடிவாகிய எழுத்தையும் வரிவடிவாகிய எழுத்தையும் வேறுபடுத்தினர். வரிவடிவம் காலந்தோறும் மாறும், எழுத்து மாறாது. மீமாம்ஸகர்களும் வர்ணம் நித்யம் என்றும், த்⁴வநி அதனை வெளிப்படுத்துவது மாத்ரம் என்றும் கூறுவர். இந்தப் பாகுபாடு கணினிக்கும் பெரிதும் பொருந்தும். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணே கோப்பில் சேமிக்கப்படுகிறது. அந்த எண்ணைக் கண்டு திரையிலும் தாளிலும் வரிவடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு. ஆகவே, கோப்பிலிருப்பது எழுத்து, எழுத்துருவிலிருப்பது வடிவம்.

1990களில் தமிழில் நூல் அச்சிட்டோர்க்கு இந்தப் பேதம் கைகூடவில்லை. அக்காலத்து எழுத்துருக்களில் இருந்தவை 256 இடங்களே. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமைத்துவைத்தார்கள். ஓர் எழுத்துருவில் ஒரு குறிப்பிட்ட எண் ககரத்தைக் காட்டும். வேறொன்றில் அதே எண் றகரத்தைக் காட்டும். இதனை ஒழுங்குபடுத்த 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரண்டு குறியீட்டு முறைகளை ஏற்றது. டிஸ்கி என்னும் முறை இணையத்தில் தனியே வழங்கிற்று. அச்சுக்கூடங்களோ தத்தம் எழுத்துருக்களையே பற்றி நின்றன. இம்முறையில் ஏற்றிய வ்யாக்யானக் கோப்பு இன்று கையில் இருந்தாலும், அந்த எழுத்துரு தொலைந்துவிட்டால் திரையில் தோன்றுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. ஓலையைச் செல்லரித்தால் ஓட்டையாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே கோப்பு முழுதாயிருந்தும் நூல் இல்லை.

யூனிகோட் எனப்படும் ஒருங்குறி இக்குறையை நீக்கிற்று. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனித்தொகுதி உண்டு. விண்டோஸ் 2000 வந்தபோது லதா என்னும் எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழ் பொதுக் கணினிகளில் புகுந்தது. 2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் ககரத்தின் எண் எந்த எழுத்துருவிலும் ககரத்தின் எண்ணே. எழுத்துருவை மாற்றினால் வடிவமே மாறும்; எழுத்து மாறாது.

இதற்குச் சிறந்த த்ருஷ்டாந்தம் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம். அதற்கு முன் ணா, றா, னா என்பவை காலின்றி ஒரே வடிவாய்ச் சுழித்து எழுதப்பட்டன. ணை, லை, ளை, னை என்பவை துதிக்கை போன்ற மேற்கொக்கி பெற்றன. ஒருங்குறியில் பழைய ணை வேறு எண், புதிய ணை வேறு எண் என்று இல்லை. பழைய வடிவங்கொண்ட எழுத்துருவை இட்டால் அதே கோப்பு பழைய அச்சாய்த் தோன்றும். புதியதை இட்டால் புதிய அச்சாய்த் தோன்றும். முன்னோர் பதிப்பின் தோற்றத்தை விரும்புவோர் எழுத்துருவை மாற்றினால் போதும். ஓரெழுத்தையும் மறுபடி அடிக்க வேண்டா.

நம் பூர்வர்கள் ஒரு வ்யாக்யானத்தின் அளவைச் சொன்ன முறையும் இதற்கு அரணாகிறது. ஒற்றொழிய 32 எழுத்துக் கொண்டது ஒரு க்ரந்தம் என்று கணக்கிட்டு, ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று பெயரிட்டார்கள். இத்தனை ஏடு என்றோ, இத்தனை பக்கம் என்றோ சொல்லவில்லை. ஏடும் கையெழுத்தும் ஆளுக்கு ஆள் மாறும்; எழுத்தெண்ணிக்கை மாறாது. நூலின் உண்மை எழுத்திலுள்ளது, அது ஏறியிருக்கும் வடிவில் இல்லை என்பது அவர்கள் திருவுள்ளம்.

2. ஶ்ரீகாரத்தின் இருமை

ஒருங்குறி வந்ததோடு கவலை தீர்ந்ததா எனில், தீரவில்லை. நம் ஸம்ப்ரதாயத்தின் பெயரிலேயே ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. ஶ்ரீ என்னும் எழுத்து கணினியில் ஓரெண் அன்று. மெய், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்னும் நான்கின் கூட்டு. முதலில் நிற்கும் மெய் எது? இலக்கணப்படி அது தாலவ்யமாகிய ஶகரம். ஆனால் தமிழ்த் தொகுதியில் ஶகரத்துக்கு இடம் கிடைத்தது 2005-இல்தான். அதற்கு முன் அடித்தவர்கள் தந்த்யமாகிய ஸகரத்தை இட்டே ஶ்ரீயை ஆக்கினார்கள். இன்றும் சில விசைப்பலகைகள் ஸகரத்தையும், சில ஶகரத்தையும் இடுகின்றன. எழுத்துருக்கள் பலவும் இரண்டு கூட்டுக்கும் ஒரே வடிவத்தையே காட்டுகின்றன. கண்ணுக்குப் பேதமில்லை, கணினிக்கு இரண்டும் வேறு.

விளைவு யாதெனில், ஶ்ரீபாஷ்யம், ஶ்ரீவசநபூஷணம், ஶ்ரீமத்ரஹஸ்யத்ரயஸாரம் என்னும் பெயர்களை ஒரு கோப்பில் தேடினால், ஒரு வகையால் அடித்தவை மட்டும் கிடைக்கும்; மற்றவை இல்லை என்றே கணினி சொல்லும். சொல்லடைவு ஆக்கினால் ஒரே நூற்பெயர் இரண்டு இடத்தில் வரிசைப்படும். பலர் பகுதி பகுதியாக ஏற்றிய பெருநூலில் இது தப்பாமல் நேரும். பரிஹாரம் எளிது. பதிப்புத் தொடங்கும்போதே ஒன்றைத் தீர்மானித்து, முடிவில் மற்றதை முழுவதும் தேடி மாற்றிவிட வேண்டும். இலக்கணத்துக்கும் ஒருங்குறியாளர் பரிந்துரைக்கும் ஒத்தது ஶகரம் முன்னின்ற கூட்டே.

ஶகரம் ஶ்ரீகாரத்துக்கு மட்டும் வேண்டுவதன்று. ஸ்வஜநம் ஶ்வஜநம் ஆகிவிடாதபடி, அதாவது சுற்றத்தார் நாய்க்கூட்டம் ஆகிவிடாதபடி, வ்யாகரணம் படி என்று தகப்பன் மகனுக்குச் சொல்லும் பழைய ஶ்லோகம் நம்மில் பலரும் பாலபாடத்தில் கேட்டது. ஸகலம் என்றால் எல்லாம். ஶகலம் என்றால் துண்டு. ஶேஷஶேஷிபாவத்தைப் பேசும் நூலில் ஶகரமில்லாத எழுத்துருவை இடுவது முறையாகாது.

கண்ணுக்கு ஒத்து, கணினிக்கு வேறாகும் வேறு சில எழுத்துகளும் உண்டு. ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் போன்றிருப்பதால், 'ஸௌ' என்பதை எகரக்குறியும் ளகரமுமாக அடித்துவிடுவர். காலுக்கு ரகரத்தை இடுவதும் உண்டு. தமிழெண் ஒன்றும் ககரமும் ஒரே வடிவானவை. இவை மெய்ப்புத் தாளில் தென்படா. தேடும்போதும் அடைவு ஆக்கும்போதுமே வெளிப்படும்.

3. வர்க்க எழுத்துகளும் எண்குறிகளும்

க, ச, ட, த, ப என்னும் ஐந்தின் வர்க்க பேதங்களைத் தமிழெழுத்தில் காட்ட 2, 3, 4 என்னும் எண்களை மேற்குறியாக இடுவது வழக்கில் ஊன்றியுள்ளது. இதில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது: மேற்குறியை இடுவதற்கு இரண்டு வழி உண்டு. சாதாரண 4 என்னும் எண்ணை அடித்து, மென்பொருளைக் கொண்டு அதனை மேலே தூக்கிச் சிறிதாக்குவது ஒரு வழி. மேற்குறி நான்கு என்னும் தனியெழுத்தையே இடுவது மற்றொரு வழி. முதல் வழியில், மேலே தூக்கியது அலங்காரம் மாத்ரம். கோப்பை வேறொரு மென்பொருளுக்கு மாற்றும்போதோ, மின்னஞ்சலில் ஒட்டும்போதோ அலங்காரம் உதிர்ந்து 'ப4ரம்' என்றாகும். அச்சுக்கூடத்தில் அதனைக் காண்பவர் தட்டச்சுப் பிழை என்று எண்ணி 4-ஐ நீக்கிவிடுவர். தொடக்கத்தில் சொன்ன பரம் என்னும் மயக்கம் இவ்வழியாகவும் உண்டாகும். ஆகவே தனியெழுத்தையே இட வேண்டும்.

இரண்டாவது: ஒருங்குறியில் ² , ³ இரண்டும் மேலையெழுத்துகளின் பழைய தொகுதியில் சேர்ந்தவை, ⁴ வேறொரு தொகுதியில் உள்ளது. ஆகையால் ², ³ இரண்டும் பெற்று ⁴ இல்லாத எழுத்துருக்கள் உண்டு. அப்படிப்பட்டதை இட்டால், மென்பொருள் நம்மைக் கேளாமலே ⁴-ஐ வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து வைக்கும். அல்லது வெற்றுக் கட்டத்தைக் காட்டும். ப⁴க³வான் என்னும் திருநாமத்தில் ⁴ ஒரு பருமனும் ³ வேறு பருமனுமாய், உயரமும் மாறி நிற்பதைக் கண்டால், இதுவே காரணம் என்று அறிக. த⁴ர்மம், ப⁴க்தி, மாத⁴வன், ராக⁴வன் என்று நான்காம் வர்க்கம் இல்லாத பக்கமே நம் நூல்களில் இல்லை. எனவே இதனை முதற்பரீக்ஷையாகக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது: எண்குறி நிற்க வேண்டிய இடம். உயிர்க்குறி முழுதும் முடிந்த பின்னரே எண் வர வேண்டும்: கோ³விந்த³, தீ³பம், பூ⁴மி. புள்ளியுள்ள இடத்தில் புள்ளிக்குப் பின்: ஸௌக்²யம். மெய்யை அடுத்து எண்ணையும், அதன் பின் உயிர்க்குறியையும் அடித்தால், பல மென்பொருள்களில் உயிர்க்குறி தனித்து நின்று புள்ளிவட்டம் ஒன்று தோன்றும்.

நான்காவது: அடிக்குறிப்பு எண்கள். அடிக்குறிப்பையும் மேற்குறி எண்ணாலே சுட்டினால், 'உபாயமாக' என்னும் தமிழ்ச்சொல்லின் ஈற்றில் மூன்றாம் அடிக்குறிப்பு வரும்போது அது வர்க்கத்தின் மூன்றாம் எழுத்தாய்த் தோற்றும். அரும்பதமும் பாடபேதமும் நிறைந்த பதிப்பில் இம்மயக்கம் பக்கத்துக்குப் பக்கம் நேரும். வர்க்கக் குறிக்கு மேற்குறி எண்ணை ஒதுக்கிவிட்டு, அடிக்குறிப்புக்கு உடுக்குறியோ, அடைப்புக்குள் எண்ணோ, தமிழெண்ணோ கொள்வது நன்று.

இந்த எண்குறிகள் ஆழ்வார்களின் அருளிச்செயல் மூலத்துக்கு வேண்டா. அது செந்தமிழ், வடசொல் வருமிடத்தும் தமிழாகவே திரிந்து வரும். மூலத்தில் எண்ணை இடுவது பாராயணத்துக்கு இடையூறு. வ்யாக்யானத்தின் மணிப்ரவாளத்துக்கும், அதில் வரும் ப்ரமாணங்களுக்கும், ஸ்தோத்ரங்களுக்குமே அவை உரியன.

4. க்ரந்த லிபியில் அச்சிடுவோர்க்கு

மணிப்ரவாளத்தை எழுதிய முன்னோர் வடசொல்லைக் க்ரந்த லிபியிலும் தமிழ்ச்சொல்லைத் தமிழ் லிபியிலும் எழுதினர். 19-ஆம் நூற்றாண்டில் நம் நூல்கள் பல தெலுங்கு லிபியிலும் அச்சேறின. அந்த லிபியில் வர்க்க எழுத்துகள் நான்கும் உள்ளமை அதற்கு உதவிற்று. கணினியில் க்ரந்தத்துக்கு 2014-இல் வெளிவந்த ஒருங்குறி 7.0 பதிப்பில் தனித்தொகுதி அமைந்தது. அதே பதிப்பில் தெலுங்குத் தொகுதியில் ழகரத்துக்கும் ஓரிடம் கிடைத்தது. தெலுங்கு லிபிப் பழம்பதிப்புகளைப் படியெடுப்போர்க்கு இது பயன்படும்.

க்ரந்தத் தொகுதியில் ழ, ற, ன என்பவையும் எகர ஒகரக் குறில்களும் இல்லை. ஆகவே மணிப்ரவாள வாக்யம் ஒன்றை அச்சிடும்போது இரண்டு தொகுதிகளையும் கலந்தே அடிக்க வேண்டும். 'ஸ்வரூபத்தை' என்பதில் ஸ்வரூப என்பது க்ரந்தத்தில். த்தை என்பது தமிழில். இப்படிப் பிரிக்கையில் முழு எழுத்தின் எல்லையிலேயே வெட்ட வேண்டும். க்ரந்த மெய்யின்மேல் தமிழ் உயிர்க்குறியை ஏற்ற இயலாது. இரண்டு லிபிகளையும் மென்பொருள் தனித்தனித் துண்டுகளாகவே அமைக்கிறது. நோட்டோ வரிசையில் தமிழுக்கும் க்ரந்தத்துக்கும் எழுத்துருக்கள் உள்ளன. ஒரே வரிசையைச் சேர்ந்தவற்றை இணைத்துக்கொண்டால் கோட்டின் தடிமனும் உயரமும் பெரும்பாலும் இசையும். வேறு வேறு இடத்தவற்றை இணைக்க நேர்ந்தால், ஒன்றன் அளவைச் சிறிது கூட்டியோ குறைத்தோ, எழுத்துடல்கள் ஒரே உயரத்தில் நிற்கும்படி செய்க.

5. எழுத்துருவைப் பரீக்ஷித்தல்

எழுத்துருவின் பெயரையும் புகழையும் கொண்டு தேர்வு செய்யாமல், பரீக்ஷை வரி ஒன்றை எழுதிவைத்துக்கொண்டு, எந்த எழுத்துருவையும் முதலில் அவ்வரியில் இட்டுப் பார்ப்பது உசிதம். அடியேன் கையாளும் சொற்கள் இவை: ஶ்ரீ, ஶேஷஶேஷிபா⁴வம், க்ஷேத்ரஜ்ஞன், ப்³ரஹ்மம், ப⁴க³வான், ப²லம், தீ³பம், பூ⁴மி, கோ³விந்த³ன், ஸௌக்²யம், ஞாநம், கூறுணர்ந்து, நூற்றெட்டு.

இவற்றில் காண வேண்டியவை: ஶகரம் உண்டா, மூன்று எண்களும் ஒரே கையெழுத்தாய் நிற்கின்றனவா, 'தீ³' என்பதில் ஈகாரத்தின் மேற்சுழியும் எண்ணும் ஒன்றையொன்று முட்டாமல் நிற்கின்றனவா, 'கூ', 'றூ' முதலியவற்றின் கீழ்ச்சுழி அடுத்த வரியைத் தொடாமல் நிற்கிறதா, தடித்த எழுத்தில் புள்ளி அடைபடாமலும், ஞகரத்தின் சுழி நிரம்பிப்போகாமலும் தெளிவாயிருக்கின்றனவா. கடைசியாகச் சொன்னது அற்பமன்று. மெல்லிய கோடுகள் மிகவுடைய அழகிய எழுத்துருக்கள் திரையில் பொலியும். நகலெடுத்தால் கோடு மறைந்து னகரம், ணகரம் மயங்கும். நம் நூல்கள் நகலெடுக்கப்பட்டே பல கைகளுக்குச் செல்கின்றன.

அளவைப் பற்றி ஒரு சொல். நம் வாசகர் பலர் அறுபதைக் கடந்தவர்கள். கோஷ்டியில் விளக்கொளியில் ஸேவிப்பவர்கள். மூலத்துக்கு 16 புள்ளி, வ்யாக்யானத்துக்கு 13, அரும்பதத்துக்கு 11 என்று வைப்பது அடியேன் அபிப்ராயம். வரியிடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது. மேலே எண்குறியும் கீழே உகர ஊகாரச் சுழிகளும் இடம் கேட்கின்றன. மூலம், வ்யாக்யானம், அரும்பதம் என்னும் அடுக்குகளை அளவாலும் தடிமனாலும் பிரித்தால் போதும். அவற்றுக்கு நான்கைந்து எழுத்துருக்களைக் கலப்பது பக்கத்தைச் சந்தையாக்கும். ஆங்கில நூல்களில் மேற்கோளுக்குச் சாய்வெழுத்து இடுவர். தமிழில் சாய்வு இயல்பன்று. மென்பொருள் நேரெழுத்தையே இழுத்துச் சாய்த்துக் காட்டும். ப்ரமாண வாக்யங்களை உள்தள்ளி வேறுபத்தியாக அமைப்பது அதனினும் மேல்.

உரிமையையும் பார்க்க வேண்டும். கணினியோடு வரும் எழுத்துருக்களை நூலில் பயன்படுத்தலாமேயன்றிப் பிறர்க்குப் படியெடுத்து வழங்கும் உரிமை பொதுவாக இல்லை. திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றை, நோட்டோ வரிசை போன்றவற்றை, கோப்போடு சேர்த்து வைக்கலாம், ஶிஷ்யர்களுக்கு அனுப்பலாம். தலைமுறை தாண்டி நிற்க வேண்டிய நூலுக்கு இது முக்கியமான குணம்.

6. மென்பொருள்களில் கையாளுதல்

எம்எஸ் வேர்டில் எழுத்துருவை அமைக்கும் பெட்டியில் ஆங்கிலம் முதலிய எழுத்துகளுக்கு ஓரிடமும், தமிழ் போன்ற சிக்கலான லிபிகளுக்கு ஓரிடமும் உண்டு. மேற்குறி எண்களை அது ஆங்கிலப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறது. தமிழிடத்தில் மட்டும் எழுத்துருவை மாற்றினால் ககரம் ஓர் எழுத்துருவிலும் அதன்மேலுள்ள ³ வேறோர் எழுத்துருவிலும் நிற்கும். இரண்டு இடங்களிலும் ஒரே எழுத்துருவையும் ஒரே அளவையும் இட வேண்டும். அதனை ஒவ்வொரு பத்தியிலும் செய்யாமல் மூலம், வ்யாக்யானம், அரும்பதம் என்று நடைகளாகப் பெயரிட்டு ஒருமுறை அமைத்தால், பின்னர் ஓரிடத்தில் மாற்ற நூல் முழுதும் மாறும்.

அச்சுக்கூடங்களில் நெடுநாள் ஆண்ட பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாது. 'எங்கள் எழுத்துருவுக்கு மாற்றித் தாருங்கள்' என்று சில அச்சுக்கூடங்கள் இன்றும் கேட்பதற்கு இது காரணம். மாற்றினால் ஶகரமும் எண்குறிகளும் உதிர்வது பெரும்பாலும் உறுதி. இன்டிசைன் ஒருங்குறியை ஏற்கும். ஆனால் அதன் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான அமைப்பியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எகர ஒகரக் குறிகள் இடம்மாறி நிற்கும். அச்சுக்கூடத்தார் எழுத்துருவைக் குறைகூறி வேறொன்றுக்கு மாற்றுமுன் இதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பாடபேதங்களும் பல அடுக்கு அடிக்குறிப்புகளும் உள்ள ஆராய்ச்சிப் பதிப்புக்கு டெக் என்னும் அச்சமைப்பு மென்பொருள் ஏற்றது. டொனால்ட் குனுத் கணித நூல்களுக்காக ஆக்கியது அது. அதன் வழிவந்த ஸீடெக், 2004 முதல் ஒருங்குறி எழுத்துருக்களை நேரே ஏற்கிறது. ரெலெட்மாக் என்னும் துணைத்தொகுப்பு பாடபேதத்துக்கு ஓர் அடுக்கு, ப்ரமாண இடத்துக்கு ஓர் அடுக்கு என்று பிரித்துத் தரும். நூல் வெறும் எழுத்துக்கோப்பாக நிற்கும். எழுத்துரு தலைப்பில் ஓரிடத்தில் மட்டும் சொல்லப்படும். முன்சொன்ன எழுத்து, வடிவம் என்னும் பாகுபாடு இங்கே தெளிவாக அமைந்திருக்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: எழுத்துருவில் இல்லாத எழுத்தை இம்மென்பொருள் வேறிடத்திலிருந்து கொணராது. அவ்விடத்தை வெறுமையாகவோ கட்டமாகவோ விட்டுவிட்டு, குறிப்புக்கோப்பில் ஒரு வரி எழுதிவைக்கும். அக்கோப்பைத் திறந்து பார்க்காதவர் நூலில் ⁴ எல்லாம் மறைந்ததை அச்சான பின்பே அறிவார்.

அச்சுக்குச் செல்லும் பிடிஎஃப் கோப்பில் எழுத்துருக்கள் உட்பொதிந்திருக்க வேண்டும்; இல்லையேல் அச்சுக்கூடத்துக் கணினி தன்னிடமுள்ளதை இட்டு அச்சிடும். பிடிஎஃப்பையே மூலப்ரதியாகச் சேமித்து வைப்பது போதாது. அது வடிவங்களை வைத்திருப்பது; அதிலிருந்து சொற்களை எடுத்தால் எகர ஒகரக் குறிகள் இடம்மாறி வருவது நாம் அறிந்ததே. ஒருங்குறியிலமைந்த வெறும் எழுத்துக்கோப்பு, அச்சுக்கான பிடிஎஃப், எழுத்துரு, அதன் உரிமம் ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு மூன்று திருமாளிகைகளில் வைத்தல் வேண்டும்.

பழைய எழுத்துருக்களில் முடங்கிய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. அந்த எழுத்துரு தொலையுமுன் மாற்றுவதே விவேகம். மாற்றியபின் ஒருவர் அச்சுப்பிரதியை உரக்கப் படிக்க, மற்றொருவர் திரையில் ஒப்புநோக்க வேண்டும். ஓலை படியெடுத்த காலத்து முறையே இதற்கும் முறை.

7. சங்கைகளும் ஸமாதாநமும்

ஓலையில் புள்ளியில்லை, எகர ஏகார பேதமும் இல்லை. அவ்வேடுகளைக் கொண்டே பூர்வர்கள் பொருளில் தெளிந்திருக்க, இப்போது இத்தனை அடையாளம் ஏன் என்று சங்கிக்கலாம். அவ்வேடுகள் ஆசார்ய ஸந்நிதியில் படிக்கப்பட்டவை. ஏட்டில் இல்லாத பேதத்தை ஆசார்யர் திருவாக்கு தந்தது. இன்று நூலை வாங்குவோரில் பெரும்பாலோர் தொலைவூர்களில், காலக்ஷேபம் கேட்கும் பாக்யமின்றித் தனியே படிப்பவர்கள். திருவாக்கு தந்ததில் ஒரு சிறு பகுதியையாவது அச்சு சுமந்துசெல்ல வேண்டியிருக்கிறது.

வடசொற்களைத் தேவநாகரியிலேயே அச்சிட்டால் இவ்வளவு சிரமம் இல்லையே எனில், முழு ஶ்லோகத்துக்கு அது தகும். மணிப்ரவாள வாக்யத்தின் நடுவே சொல்லுக்குச் சொல் லிபி மாறினால், நாகரி அறியாதவர் ஒவ்வொரு சொல்லிலும் நின்றுவிடுவர். ஓடும் நடைக்கு எண்குறித் தமிழும், தனித்து நிற்கும் ப்ரமாணத்துக்கு நாகரியோ க்ரந்தமோ என்று பகுத்துக்கொள்ளலாம்.

எண்குறி கண்ணை உறுத்துகிறது என்பாரும் உளர். நல்ல எழுத்துருவில் அது உறுத்தாது. உறுத்துவது பெரும்பாலும் வேறோர் எழுத்துருவிலிருந்து ஒட்டவைத்த எண்ணே. அதற்குப் பரிஹாரம் மேலே சொல்லப்பட்டது.

ஆக, ஒரு வ்யாக்யானத்தை அச்சுக்குத் தருமுன் பதிப்பாசிரியர் தாமே பார்க்க வேண்டியவை ஐந்து: கோப்பு ஒருங்குறியில் இருத்தல், ஶ்ரீகாரம் ஒரே கூட்டாக இருத்தல், எண்குறிகள் தனியெழுத்தாய் உரிய இடத்தில் நிற்றல், பரீக்ஷை வரியில் எழுத்துரு தேறியிருத்தல், எழுத்துக்கோப்பும் எழுத்துருவும் சேர்ந்து காக்கப்படுதல். இவற்றைச் செய்ய ஒரு நாள் போதும். செய்யாவிடில், ப⁴ரந்யாஸம் பரந்யாஸமாக அச்சேறி, அப்படியே மறுபதிப்பாகி, அதுவே பாடம் என்று அடுத்த தலைமுறை கொள்ளும்.